டிசம்பரில் மன்னிப்பு

"டாக்டர் கைவிட்டா என்ன? மாசத்துக்கு ஒண்ணு, வருஷத்துக்குப் பன்னிரண்டு புத்தகம். அதுல மாற்றமே இல்லை. எழுது ஜெசி!" என்றார் மதலைமுத்து.

டாக்டர் கைவிட்டது அவருடைய கண்களை. மூன்று வருடமாக உருவங்கள் நிழலாகத் தெரியும், அச்செழுத்து தெரியாது. மனைவி ஜெசிந்தா வாசிக்க வாசிக்க அவர் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் 'நான் படித்தேன்' என்று மைக்கில் சொல்வார். விஜயநகரில் அவர்கள் பங்கின் இறையியல் வாசகர் வட்டத்துக்கு அவர்தான் நிரந்தரத் தலைவர். வேறு யாரும் நிற்கவில்லை.

ஜெசிந்தா ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்து, அதன் மேல் தாளை விரித்தாள். கழன்று விழப் பார்த்த கல்யாண மோதிரத்தை, சுற்றியிருந்த நூலோடு மேலே தள்ளிக்கொண்டாள்.

"ஜனவரி, படைப்பு. பிப்ரவரி, பாவம். மார்ச், நரகம். அது எழுநூறு பக்கம். போன வருஷம் மாதிரி நடுநடுவே இருமக் கூடாது."

"மன்னிப்பு எப்பங்க?"

"டிசம்பர்."

"அதை இந்த மாசமே வச்சுக்கலாமே."

மதலைமுத்து சிரித்தார். "பாவம்னா என்னன்னு படிக்காம மன்னிப்புக்குத் தாவ முடியுமா? அஸ்திவாரம் போடாம மொட்டை மாடி கட்டச் சொல்றே."

மகள் ஸ்வீட்டி, கொள்ளேகால் சந்தோஷ்குமாரைக் இந்துக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டு நான்கு வருடமாகிறது. பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான். ஆனால் வாசலை மிதிக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. மன்னிப்பை முறையாகப் படித்துவிட்டுத்தான் முடிவு என்று ஒவ்வொரு ஜனவரியிலும் அறிவிப்பார். போன வருடம் நரகத்தை முடிக்கவே கிறிஸ்துமஸ் வந்துவிட்டது.

"நேத்து ஸ்வீட்டி போன் பண்ணுனா. ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போறேங்கறா."

"டிசம்பர் வரட்டும்."

"பிப்ரவரியிலயாவது..."

"நாலு வருஷம் பொறுத்தவ, பதினோரு மாசம் பொறுக்க மாட்டாளா? ஆண்டவரே அவசரப்படறதில்லை. உனக்கென்ன அவசரம்?"

ஜெசிந்தா 'டிசம்பர், மன்னிப்பு' என்று எழுதி முடித்தாள்.

"ஆயித்தா, எழுதி முடிச்சாச்சா? என் செக்கப் தேதியையும் அதுலயே போட்டுடு. அன்னிக்கு வாசிப்பு கிடையாதுன்னு வட்டத்துல சொல்லணும். மடியில வச்சிருக்கியே, அந்த ஃபைலைப் பிரிச்சு வாசி."

பிரித்தாள். முனைகூட மடங்காத புது ஃபைல். எந்தப் புத்தகத்தையும் வரி விடாமல் வாசிக்கிறவள், ஒரு பக்கத்தைச் சும்மா திருப்பினாள். அடுத்ததையும் திருப்பினாள்.

"என்ன, வாயில கொழுக்கட்டையா? டாக்டர் எந்த மாசம் சொல்லியிருக்கார்?"

"மார்ச்சைத் தாண்டாதுன்னு சொல்லிட்டாருங்க. இது என் ஃபைல்."