அன்செல்மோவின் பெயர்ப்பலகை

மெல்சோர் சுத்தியலை மூலையில் எறிந்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். உர்சுலா வாழைக்காய்த் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். புருஷன் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா? தூ!"

ஹவானா கப்பல் கட்டும் துறையில் ஒரே வரைபடத்தை வைத்து இரட்டைப் போர்க்கப்பல்களைக் கட்டியிருந்தார்கள். பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. ஆனால் 'பிரீகிதா' நல்ல மரம். 'அன்செல்மோ' மேலே சாயம், உள்ளே புழு. அதற்கு வந்த நல்ல மரமெல்லாம் துறை அதிகாரி தோன் கஸ்பாரின் புது மாளிகையில் உத்தரமாக நின்றது.

ஸ்பெயின் தலைநகர் மத்ரித்திலிருந்து வந்த பரிசோதகர் அன்று காலையில் பிரீகிதாவைப் பார்த்தார். அவர் மதியத் தூக்கம் போட்ட நேரத்தில் இரண்டு கப்பல்களையும் இடம் மாற்றிக் கட்டினார்கள். பெயர்ப்பலகைகளை மாற்றி அடித்தவன் தச்சன் மெல்சோர். சாயங்காலம் அந்த மனிதர் அதே நல்ல கப்பலை மறுபடியும் பார்த்துவிட்டு, அன்செல்மோவுக்கும் கையெழுத்துப் போட்டார்.

"அன்செல்மோவுலதானே என் தம்பி ஃபாபியான் போறான்? அவன் மூழ்கிச் சாகுறதுக்கு நீயே ஆணி அடிச்சுக் குடுத்திருக்கே!"

"அதிகாரி சொன்னா மாட்டேன்னு சொல்ல முடியுமாடி? நாளைக்குப் பலகைய பழையபடி மாத்தணுமாம்."

அந்த வாரம் முழுக்க அவள் அவனோடு பேசவில்லை. மூலையில் கிடந்த சுத்தியலைக்கூடத் தொடப் பிடிக்காமல், தினமும் அதைச் சுற்றியே பெருக்கினாள்.

புறப்படும் நாள் வந்தது. தோன் கஸ்பார் மனைவி மக்களோடு, பெட்டி பெட்டியாகச் சாமான்களோடு, ஸ்பெயினுக்குப் போகப் பிரீகிதாவில் ஏறினார். பக்கத்தில் பரிசோதகரும் நின்றார். அடுத்த கப்பலிலிருந்து ஃபாபியான் அக்காவுக்குக் கையசைத்தான்.

உர்சுலா கரையிலிருந்தே கத்தினாள்.

"மரத்தைத் தின்ன மகாராசா! எங்க புள்ளைங்க புழுத்த கப்பல்ல, நீ மட்டும் நல்ல கப்பல்லயா?"

"என்ன சொல்றா அவ?" என்றார் பரிசோதகர்.

"பைத்தியம்! ரெண்டு கப்பலையும் நீங்களே பார்த்தீங்களே" என்று சிரித்தார் கஸ்பார்.

மெல்சோர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஐயா, அந்தப் பலகைய நான் இன்னும் பழையபடி மாத்தவே இல்லீங்க."