ஆறரை வரைக்கும்

“இன்னிக்கும் எழுந்துக்கலையா சார்?” பள்ளி வேனிலிருந்து தலையை நீட்டிக் கேட்டாள் ஆயா புஷ்பம்.

“இல்லக்கா.”

“நாளைக்கும் ஏத்தலைன்னா சீட்டை வேற புள்ளைக்குக் குடுத்துடுவாங்க. வெயிட்டிங்ல இருபது பேரு கீறாங்க. அப்பால என்னைக் கேக்காத சார்.”

“நாளைக்கு ஏத்திடுவேன்.”

வேன் கேம்ப் ரோட்டில் திரும்பியது. மணி ஆறேகால். மெர்வின் படியேறி வீட்டுக்குப் போனான்.

அவனுடைய காலைகளில் சிக்கல் இருந்ததில்லை. ஐந்து மணிக்கு எழுவான். பால் காய்ச்சுவான். காபியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவான். முப்பது சுற்று நடப்பான். குளிப்பான். ஆறரைக்கு மகள் ஷைனியின் கட்டிலுக்குப் போய் நிற்பான். அவள் கண் திறப்பாள். பிறகு டயப்பர், கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி, கஞ்சி, வலிப்பு மாத்திரை. ஷைனிக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். நடக்க வராது. பேச்சு மெதுவாக வரும். புத்தியோ கத்தி.

மனைவி ஜாஸ்மின் இருந்தவரை காலைகள் அவளுடையவை. மெர்வினுக்கு மறைமலை நகரில் முதல் ஷிப்ட், நாலரைக்கே கிளம்பிவிடுவான். அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது அவன் ஜெனரல் ஷிப்ட். பகலில் எதிர் வீட்டு சாஹிரா அக்கா ஷைனியைப் பார்த்துக்கொள்கிறாள்.

சிறப்புப் பள்ளியில் இடம் கிடைக்க இரண்டு வருடம் ஆனது. பெயர் எழுதிப் போட்டது ஜாஸ்மின். சேர்க்கை நாளில் ஆலோசகர் சாவித்ரி பெற்றோர்களை வட்டமாக உட்காரவைத்துக் கேட்டார்.

“உங்களுக்குன்னு ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெச்சிருக்கீங்க?”

சிலர் சிரித்தார்கள். ஒரு அம்மா அழுதுவிட்டாள்.

“ஒன்றரை மணி நேரம்,” என்றான் மெர்வின்.

“டெய்லியா? எப்படி சார்?”

“ஆறரைக்கு முன்னாடி அவ எழுந்துக்க மாட்டா மேடம். இடி விழுந்தாலும்.”

“குடுத்து வெச்சவரு நீங்க,” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மெர்வினும் அப்படித்தான் நினைத்தான். அந்த ஒன்றரை மணி நேரம் இல்லாவிட்டால் மிச்ச இருபத்திரண்டரையைத் தாண்ட முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

இப்போது அந்தத் தூக்கமே வினையாகிவிட்டது. வேன் ஆறேகாலுக்கு வந்துவிடும். ஐந்து மணிக்கு எழுப்பினால்தான் முடியும். இரண்டு நாளாக விளக்கைப் போட்டான், உலுக்கினான், ஈரத் துணியால் முகம் துடைத்தான். அவள் கண் திறக்கவில்லை. தூங்கும் பிள்ளைக்கு ஊட்ட முடியாது, புரை ஏறும். சாப்பிடாமல் மாத்திரை கொடுக்கக் கூடாது. மாத்திரை போடாமல் பள்ளிக்கு அனுப்ப முடியாது.

மூன்றாம் நாள் ஐந்து மணிக்கு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினான்.

“அக்கா, கொஞ்சம் வந்து பாருங்க. மாத்திரை டோஸ் கூடிப்போச்சோன்னு பயமா இருக்கு.”

சாஹிரா வந்து கட்டிலருகே குனிந்தாள். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

“தூக்கமாம் தூக்கம்! மூணு புள்ளைங்களை ஸ்கூலுக்குத் தொரத்தினவ நானு. இமைக்குள்ள முழி ஓடுது பாரு தம்பி.”

“என்னக்கா சொல்றீங்க?”

“ஜாஸ்மின் இருந்தப்ப அஞ்சு மணிக்கே இவ சிரிப்பு எங்க ஹால் வரைக்கும் கேக்கும். உனக்கு எங்க தெரியும்? நீ அப்ப கம்பெனி பஸ்ல குறட்டை விட்டுட்டிருப்ப. இப்ப சத்தமே இல்லியேன்னா, அம்மா இல்லாத வூடு, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

மெர்வின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

“ஷைனி. முழிச்சிட்டுத்தான் இருக்கியா?”

மூடிய கண்களோடு உதடு மட்டும் அசைந்தது. “மணி… ஆறரை… ஆச்சா?”

“ஆச்சு.”

ஒரு கண் திறந்தது. இருட்டாக இருந்த ஜன்னலைப் பார்த்தது.

“பொய்.” கண் மறுபடி மூடிக்கொண்டது.

சாஹிரா சிரித்துவிட்டாள். மெர்வினுக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஸ்கூல் பிடிக்கலையா?”

“பிடிக்கும்.”

“அப்புறம் என்னடா? தினமும் இப்படித்தான் முழிச்சுக்கிட்டே படுத்திருந்தியா? இந்த எட்டு மாசமும்?”

ஆமாம் என்று தலை ஆடியது.

“யார் சொன்னா?”

“அம்மா.”

“நான் போய்க் கஞ்சியை வெக்கிறேன்,” என்று சாஹிரா சமையலறைப் பக்கம் போய்விட்டாள்.

டெங்குவில் படுத்த ஜாஸ்மின், வென்டிலேட்டரில் வைப்பதற்கு முன், சாஹிராவின் போனுக்கு அழைத்து ஷைனியோடு ஒரு நிமிடம் பேசினாள். அதன் பிறகு அவள் யாரோடும் பேசவில்லை. என்ன சொன்னாள் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். ஷைனி வாய் திறந்ததில்லை.

இப்போது கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள். ஒரு வாக்கியம் பேச அவளுக்கு ஒரு நிமிடம் ஆகும். மெர்வின் அவசரப்படுத்தவில்லை. அம்மா போனில் சொன்னதை நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல் விடாமல் சொன்னாள்:

“ரெஸ்ட் எடுன்னா உங்கப்பா எடுக்க மாட்டாரு. முழிப்பு வந்தாலும் ஆறரை வரைக்கும் கண்ணைத் திறக்காத தங்கம். அவருகிட்ட சொல்லிடாத. நான் வர்ற வரைக்கும் அப்பாவைப் பாத்துக்கறது உன் டியூட்டி.”