மேடம் சொன்ன பயிற்சி

"அப்பா செருப்பைக் கழட்டுறேன். இது இடது செருப்பு. இது வலது செருப்பு. ரெண்டையும் ஸ்டாண்டுல வைக்கிறேன். ஐயோ, ஒண்ணு கீழ விழுந்துடுச்சு!"

வாசலில் நின்று வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்த்ததும், எதிர்வீட்டுக்காரர் அவசரமாகக் கதவைச் சாத்திக்கொண்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சில மாதங்களுக்கு முன்புவரை, 'ம்' என்ற ஒற்றை எழுத்தை வைத்தே குடும்பம் நடத்திய மனிதர் இவர். கல்யாணப் பேச்சு நடந்தபோது, மாப்பிள்ளைக்குப் பேச வருமா என்று பெண்வீட்டார் தனியாக விசாரித்தார்களாம்.

எல்லாம் பையனுக்காகத்தான். மூன்று வயதாகியும் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. "அப்படியே அப்பனை உரிச்சு வச்சிருக்கான்" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மெக்கானிக்கால் சிரிக்க முடியவில்லை. தன்னால்தான் பிள்ளை இப்படி ஆகிவிட்டானோ என்று உள்ளுக்குள் குமைந்தார்.

பேச்சுப் பயிற்சி தரும் மேடம்தான் முதல் நாளே அந்தப் பாரத்தை இறக்கி வைத்தார்.

"நீங்க பேசாததால அவன் பேசலைன்னு நினைக்காதீங்க. அது காரணமே இல்ல. ஆனா நீங்க பேசினா அவனுக்கு உதவியா இருக்கும். வீட்ல எந்த வேலை செஞ்சாலும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. 'சொல்லு, சொல்லு'ன்னு அவனை நச்சரிக்க வேண்டாம். சும்மா காதுல விழட்டும்."

"எப்ப மேடம் பேசுவான்?" என்றாள் மனைவி.

"நான் தேதி சொன்னா அது பொய். முதல்ல உங்க முகத்தைப் பார்ப்பான். அப்புறம் வேணுங்கறதைக் கையால காட்டுவான். வார்த்தை ஒண்ணொண்ணா வரும். வந்த வார்த்தை கொஞ்ச நாள் காணாமலும் போகும். பயப்படாம பேசிக்கிட்டே இருங்க."

"ம்" என்றார் மெக்கானிக். அதோடு அந்த 'ம்' ஓய்வு பெற்றது.

மறுநாள் முதல் பல் தேய்ப்பதிலிருந்து பல்பு மாட்டுவதுவரை எல்லாவற்றுக்கும் நேர்முக வர்ணனை. வீட்டில் பழகிய வாய் வேலைக்குப் போன இடத்திலும் நிற்கவில்லை. ஒரு பெரிய கட்டடத்தில் பழுது பார்க்கும்போது, "அப்பா இப்ப கயிறைப் பார்க்கிறேன். அடடா, கயிறு தேஞ்சு போயிருக்கே!" என்று மேலேயிருந்து அவர் குரல் கேட்க, லிஃப்டுக்குக் காத்திருந்த கூட்டம் மொத்தமும் படிக்கட்டைப் பிடித்தது.

அவருக்கு லீவு கிடைக்காததால், வாராவாரம் மனைவிதான் பையனைப் பயிற்சிக்குக் கூட்டிப் போனாள். போய்வரும்போதெல்லாம் புதிதாக ஏதாவது கொண்டு வந்தாள்.

"ஏங்க, வீட்டு வேலையை மட்டும் சொன்னா பத்தாதாம். வெளியில என்னென்ன நடந்துச்சுன்னும் சொல்லணுமாம்."

சொன்னார்.

"சாப்பிடும்போது சாப்பாடு எப்படி இருக்குன்னும் சொல்லணுமாம்."

"உப்பு கொஞ்சம் தூக்கல்."

"நல்ல வார்த்தையா சொல்லணுமாம்! பையன் அதைத்தானே பிடிச்சுக்குவான்?"

அடுத்த வாரம் இன்னும் கடினமான பாடம்.

"மனசுல என்ன தோணுதோ அதையும் சொல்லணுமாம்."

"மனசுலயா? அது எதுக்குடி பையனுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? படிச்சவங்க சொல்றாங்க, செய்யுங்களேன்! அப்புறம், அவன் தூங்கின பிறகும் அரை மணி நேரம் பேசணுமாம். தூக்கத்துலயும் காதுல விழுமாம்."

பிள்ளைக்காக அதையும் செய்தார். மேலதிகாரியிடம் வாங்கிய திட்டு, சின்ன வயதில் இருட்டைக் கண்டு நடுங்கியது, முதன்முதலில் லிஃப்டுக்கு மேலே ஏறியபோது கால் உதறியது எல்லாம் சொன்னார். பையன் குறட்டை விட்டான். பயிற்சி சரியாக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்க, மனைவி கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பலன் இல்லாமல் போகவில்லை. ஒருநாள், "அப்பா ஸ்பேனரைத் தேடுறேன்" என்று அவர் அலமாரியைக் குடைந்தபோது, பையன் கட்டிலுக்கடியில் கையைக் காட்டினான். "அதோ!" என்றான். மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அடுத்து 'தண்ணி' வந்தது. மேடம் சொன்னபடியே இடையில் காணாமல் போய், 'அப்பா வா'வையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

இனிமேலாவது தொண்டைக்குக் கொஞ்சம் ஓய்வு கேட்கலாமே என்று, எப்படியோ ஒருநாள் லீவு வாங்கிக்கொண்டு, பையனைத் தானே பயிற்சிக்கு அழைத்துப் போனார்.

"மேடம், பகல்ல நீங்க எவ்வளவு சொன்னாலும் பேசறேன். அந்த ராத்திரிப் பயிற்சியை மட்டும் நிறுத்திக்கலாமா?"

"எந்த ராத்திரிப் பயிற்சி?"

"பையன் தூங்கின பிறகு பேசறதுதான். அப்புறம் இந்த மனசுல தோணறதைச் சொல்றது, சாப்பாட்டைப் பாராட்டறது..."

மேடம் விழித்தார். "தூங்கற பிள்ளைகிட்ட யாராவது பேசுவாங்களா சார்? அவன் முழிச்சிருக்கும்போது, அவன் கண்ணெதிர்ல செய்யற வேலையைச் சொல்லுங்கன்னு மட்டும்தான் நான் சொன்னேன். மத்ததெல்லாம் நான் சொல்லவே இல்லையே!"

மெக்கானிக் பையனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். வழி நெடுக பையன்தான் பஸ்ஸையும் நாயையும் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டு வந்தான்.

வீட்டு வாசலிலேயே மனைவி காத்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"மேடம் என்ன சொன்னாங்க? நிறுத்திக்கலாம்னுட்டாங்களா?"

அவர் செருப்பைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்தார்.

"இல்ல. ராத்திரி அரை மணி பத்தாதாம். இனிமே ஒரு மணி நேரம் பேசணுமாம்."