பிழையின் வேடம்

மரபணு ஆய்வுக்கூடத்தின் ஆண்டுவிழா நாட்டியத்தில், மூன்றரை அடி உயரமுள்ள நடனக்காரி செண்பகாவுக்குப் பிழையான மரபணுவின் வேடம். "உங்களுக்கு மேக்கப்பே வேண்டாம்மா" என்று சிரித்தார் நடனத்தை அமைத்த குலசேகரன். கடைசியில் வெள்ளைக் கோட்டு அணிந்த இருவர் அவளைத் தூக்கி மேடைக்கு வெளியே வைப்பார்கள். நோய் குணமாகிவிட்டதாக மற்றவர்கள் உடனே ஆனந்தமாக ஆடுவார்கள். ஒத்திகைகளில் அவளும் தூக்க இடம் கொடுத்தாள். விழாவில் அந்த இருவரும் நெருங்கியபோது முழங்கால் மடக்கிய அரைமண்டியில் கால்களை ஊன்றிக்கொண்டாள். இழுத்தும் அசையவில்லை. இசை முடிந்துவிட்டது.

"வந்துரும்மா, டாக்டருங்க எல்லாம் பாக்குறாங்க" என்று திரைமறைவிலிருந்து குலசேகரன் பல்லைக் கடித்தார்.

கைதட்டக் காத்திருந்த முன்வரிசையைப் பார்த்தாள். இவ்வளவு படித்தவர்களுக்கு ஒரு கேள்விகூடத் தோன்றவில்லையே என்று இளக்காரமாக இருந்தது.

"என்னை எடுத்துட்டா இங்க யாருக்கு சார் குணமாகும்?" என்று கேட்டுவிட்டு, தாளமே இல்லாமல் அடுத்த அடவைத் தொடங்கினாள்.