கேபிளைக் கழற்றிய பிறகு

அண்ணன் இறந்த பிறகு அவன் பார்த்த சர்வர் வேலை தங்கைக்கே வந்தது. அலுவலகத்தில் எல்லோருடைய லாகினையும் இனி மைய சர்வரே சரிபார்க்கும்படி மாற்றினாள். அதிலிருந்து அண்ணன் பெயரை நீக்கினாள். நெட்வொர்க் போனாலும் உள்ளே நுழைவதற்காக, மேசையில் இருந்த சர்வரில் தன் பெயரில் ஒரேயொரு லாகினை வைத்தாள். சோதித்துப் பார்க்க அதன் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

திரையில் அண்ணன் பெயர் ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. பின்னர் கடவுச்சொல்லுக்கான புள்ளிகள் வந்தன. சர்வர் அதை ஏற்றுக்கொண்டது.

தடுப்புக்கு அந்தப்பக்கம் இருந்த டைப்பிஸ்ட் அக்கா சிரித்தாள். “என்னடி, உங்கண்ணன் மாதிரியே ஒத்த விரல்ல டொக்கு டொக்குன்னு தட்டுற?”

“நான் தட்டலக்கா.”

“பின்ன யாரு? இப்பவும் கேக்குதே!”

தங்கையின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.