காலுக்குக் கீழே

லண்டனில் விமானம் ஏறியதிலிருந்து ஆவுடையப்பன் காலைத் தரையில் வைக்கவில்லை. இருக்கையிலேயே சம்மணமிட்டிருந்தார். எதிரே இருந்த திரை, சென்னைக்கு இன்னும் எட்டாயிரம் கிலோமீட்டர், பத்து மணி நேரம் என்று காட்டியது.

“காலைத் தொங்கப் போடுங்கப்பா, மரத்துப் போயிடும்,” என்றாள் மகள்.

“கீழ பெட்டிக்குள்ள உங்கம்மா படுத்திருக்கா.”

இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் கால் எத்தனையோ முறை மனைவிமேல் பட்டிருக்கிறது, அவர் கண்டுகொண்டதில்லை. அவள் கால் தெரியாமல் இவர்மேல் பட்டுவிட்டால், உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

திரையில் தூரம் குறைந்துகொண்டே வந்தது. தரையிறங்கும் முன் பணிப்பெண் வந்து காலைக் கீழே வைக்கச் சொன்னாள். மெல்ல இறக்கினார். பெல்ட் வயிற்றை அழுத்தக் குனிந்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கை கண்ணைவிட்டு இறங்கவில்லை.