மூன்றாவது வோட்டு

“தங்கச்சி வீட்டில மூண்டு வோட்டு இருக்கு. அவளும் மகளும் வந்து போடுவினம். மற்ற ஆள் வராது. அதை நீங்களே பாத்துச் செய்யுங்கோ.”

மன்னாரில் கட்சி வேலை பார்க்கும் ஸ்ரீஸ்கந்தராசாவிடம் இப்படிச் சொல்லிவிட்டு வின்சன்ற் போனை வைத்தான். கடல் கடந்து மல்வேர்னில் இருந்துகொண்டு மன்னார்த் தேர்தலை நடத்த அவனை விட்டால் ஆளில்லை. அங்கே நடக்கிற கூட்டங்களையெல்லாம் போனில் பார்ப்பான். பிடிக்காதவர் பேசினால் ‘துரோகி’ என்று கீழே எழுதுவான். இங்கே தன் தெருவில் யார் தேர்தலுக்கு நிற்கிறார்கள் என்று கேட்டால் முழிப்பான்.

“உங்கட பேர் இன்னும் அங்க கிடக்கோ?” தேத்தண்ணியோடு வந்த மனைவி கிறிஸ்ரினா கேட்டாள்.

“உமக்கேன் உந்தக் கதை?”

“பாதரிட்டப் பாவசங்கீர்த்தனத்தில கள்ள வோட்டையும் மறக்காமச் சொல்லுங்கோ.”

அவன் சிரித்து மழுப்பிவிட்டுத் தங்கச்சி அன்ரனெற்றுக்கு எடுத்தான்.

“பிள்ளை, நாளைக்கு வெள்ளெனப் போய்ப் போடுங்கோ. எங்கட ஆளுக்குத்தான்.”

“ஆருக்குப் போட்டு என்ன அண்ணை? ஆரும் இவரைத் தேடித் தரப்போறேல்லை.”

அவள் கணவன் கிளிபோட், யுத்தம் முடிந்தபோது ஆமியிடம் சரணடைந்தவன். பிறகு ஒரு தகவலும் இல்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னவர்களையெல்லாம் அன்ரனெற் வாசலோடு திருப்பி அனுப்பினாள். உயிரோடு இருக்கிற மனுசனுக்கு எதற்குச் சான்றிதழ் என்று சண்டை பிடித்தாள். ஆனால் அன்றைக்கு அவள் குரல் தளர்ந்திருந்தது.

“இனி வரமாட்டார் அண்ணை. எனக்கும் விளங்கீட்டுது. ஞாயிற்றுக்கிழமை மரித்தோர் பூசை குடுக்கிறன்.”

வின்சன்றுக்கு அது ஆறுதலாக இருந்தது. பாவம், இத்தனை வருசம் கழித்தாவது வாய்விட்டு அழுது தீர்க்கட்டும் என்று நினைத்தான்.

மறுநாள் காலை, மன்னாரில் பின்னேரமாகியிருந்த நேரம், வேலைக்குப் போக பஸ்சுக்கு நின்றபோது ஸ்ரீஸ்கந்தராசாவின் செய்தி வந்தது. ‘மூண்டும் விழுந்திட்டுது அண்ணை.’ வின்சன்ற் பெருவிரலை உயர்த்திய படமொன்றை அனுப்பினான். உடனே போன் அடித்தது. அன்ரனெற். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

“அண்ணை, பூசை வேண்டாமெண்டு பாதரிட்டச் சொல்லிப்போட்டன்.”

“ஏன் பிள்ளை?”

“பள்ளிக்கூடத்துக்கு வோட்டுப் போடப் போனனான். வோட்டர் இடாப்பில என்ர பேருக்கு மேல இவற்ர பேர். ஒவ்வொரு தேர்தலிலையும் கேக்கிறமாதிரி, இவர் வந்தவரோ எண்டு கேட்டன். காலமையே வந்து போட்டிட்டுப் போயிட்டாராம் அண்ணை. நானும் மகளும் இன்னும் பள்ளிக்கூட வாசலிலதான் நிக்கிறம். உங்கட கட்சி ஆக்கள் விடியத் துவங்கி உள்ளுக்கு இருந்தவையாம். இவரைக் கண்டது ஆரெண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோவன்.”